பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள்

2019 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து, இதை எழுதும்போது ஒரு மாதம் தாண்டிவிட்டது. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து என் மனநலக் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளில் சிலரை, குண்டைவிட வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர்கள்தான் கூடுதலாக வாட்டுகிறார்கள். கடுமையான பேச்சுத்தான். ஆனால் கடைசியாக வந்த பையனைப் பார்த்தபிறகு பொறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 21 காலை குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குள் இருந்த பிள்ளை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கதிரையில் உட்கார முன்னமே பெரியம்மா தொடங்கிவிட்டார்: "சொல்லு மகன், மாமாவுக்குச் சொன்ன மாதிரியே டொக்டருக்கும் சொல்லு." பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த பாடம் ஒப்பிப்பதுபோல, ஒரு இடத்திலும் நிறுத்தாமல் சொன்னான். விரல்கள் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. நூல் அறுந்து பொத்தான் கையோடு வந்துவிட்டது. அவன் கவனிக்கவேயில்லை.

"சொன்னால்தானே டொக்டர் பாரம் குறையும்?" என்று பெரியம்மா கேட்டார். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். குறையாது. தானாக விரும்பி, தான் நம்பும் ஆளிடம், தனக்கு முடிந்த அளவு கதைத்தால் ஆறுதல் கிடைக்கும். வந்தவர் போனவருக்கெல்லாம் விவரம் சொல்லவைத்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை அதே சத்தத்தையும் புகையையும் மறுபடி அனுபவிக்கிறது. அழுதுவிட்டால் "உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது" என்று நிம்மதிப்படாதீர்கள். வெளியே எதுவும் வரவில்லை. எங்கள் துறையிலேயே ஒருகாலத்தில், சம்பவம் நடந்த சில நாளில் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துச் சொல்லவைக்கும் வழக்கம் இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போனது. உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நாங்களே கைவிட்டதை நீங்கள் விறாந்தையில் வைத்துச் செய்கிறீர்கள்.

அடுத்தது போன். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டித் தேவாலயத்துக்குள் முதுகில் குண்டுப் பையோடு ஒருவன் போகும் அந்த வீடியோவை எத்தனை சின்னப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்! "அதுக்கு விளங்காது" என்கிறீர்கள். விளங்குகிறது. 2013இல் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வு ஒன்றில், அடுத்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளையே பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நின்றவர்களைவிடக் கூடுதலான மனஉளைச்சல் இருந்தது. அழித்துவிடுங்கள். பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு நித்திரைக் குளிசையையும் தொடாதீர்கள்.

முஸ்லிம் தாய்மாரும் என்னிடம் வருகிறார்கள். பாடசாலை வாசலில் எல்லாப் பிள்ளைகளின் பையையும்தான் சோதிக்கிறார்கள், ஆனால் தன் பிள்ளையைப் பார்த்து மட்டும் மற்றப் பிள்ளைகள் விலகி நிற்கிறார்கள் என்று ஒரு தாய் அழுதார். மே 13இல் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்ததைப் பார்த்த பயம் வேறு. குண்டு வைத்த தீவிரவாதிகள் முஸ்லிம்கள் என்பதால்தான் இதெல்லாம். அந்தப் பிள்ளைகள் குண்டு வைக்கவில்லை. தயவுசெய்து, சாப்பாட்டு மேசையில் வாயைக் கொஞ்சம் அடக்குங்கள். நீங்கள் அங்கே சொல்வதைத்தான் உங்கள் பிள்ளை வகுப்பில் சொல்கிறது.

முதல் சில வாரங்கள் நித்திரை வராமை, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, தாயை விட்டு நகராமை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. அதற்காகப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். குண்டு வெடித்த மறுநாள், ஏப்ரல் 22ஆம் திகதி, அந்தோனியார் கோவிலுக்குக் கிட்ட நின்ற வானும் வெடித்ததே, பெரியவர்களே ஓடினார்கள். சாப்பாடு, நித்திரை, பாடசாலை, விளையாட்டு எல்லாவற்றையும் பழைய நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் இருங்கள். கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு விடவில்லை, பாடசாலைக்குப் போக மறுக்கிறது, பழைய விளையாட்டில் மனம் போகவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மனநல உதவித் தொலைபேசி 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

ஜூன் 13 அந்தோனியார் திருநாள் வருகிறது. "பயத்தைப் போக்குகிறேன்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் பூட்டியும் வைக்காதீர்கள். முந்திய நாட்களில் ஒருநாள், கூட்டமில்லாத நேரத்தில், கோவில் வீதி முனைவரைக்கும் நடந்துபோய்ப் பாருங்கள். திரும்புவோம் என்று பிள்ளை சொன்னால் உடனே திரும்பிவிடுங்கள். அங்கே நிற்கிற யாராவது "நீயும் அன்றைக்கு உள்ளேதானே இருந்தாய்?" என்று கேட்டால், பிள்ளையை முந்தி நீங்களே பதில் சொல்லி அவரை அனுப்புங்கள்.