ட்ரில்: அழுத்துவதைவிட விடுவதுதான் கஷ்டம்

பியானோவில் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பதை ட்ரில் என்கிறார்கள். மெதுவாக வாசித்தால் போன வாரம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகூட வாசித்துவிடும். வேகம் ஏறினால்தான் சிக்கல். நடுவில் ஒரு ஸ்வரம் காணாமல் போகும், இரண்டும் கலந்து மங்கும், முன்கை கல் மாதிரி இறுகிப்போகும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் இதற்குச் சொல்லப்பட்ட மருந்து ஒன்றுதான்: "விரலில் பலம் பத்தாது, இன்னும் உயரத் தூக்கி அடி." இரண்டு வருஷம் அப்படியே செய்தேன். கை வலித்ததே தவிர ட்ரில் வரவில்லை. ஒரு நாள் பியானோவின் மூடியைத் திறந்து வைத்து, கீயை மெல்ல அழுத்தி உள்ளே பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ட்ரில்லில் கஷ்டமான வேலை கீழே அழுத்துவதல்ல, மேலே விடுவது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு 8 ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு 12 ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 83 மில்லி நொடி. இரண்டு விரல் பங்கு போட்டுக்கொள்வதால், ஒவ்வொரு விரலும் நொடிக்கு ஆறு முறை இறங்கி ஏற வேண்டும்.

அந்த நேரத்துக்குள் உள்ளே நிறைய நடக்கிறது. கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் கீ இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர்தான். அதன் மறுமுனையில் இருக்கும் சுத்தியோ 45 மில்லிமீட்டர் போலப் பயணம் செய்து கம்பியை அடிக்கிறது. சுத்தி கம்பியைத் தொட இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே, அதைத் தள்ளிக்கொண்டு வந்த சின்ன முட்டு விலகிக்கொள்ளும். மீதித் தூரத்தைச் சுத்தி தானாகப் பறந்து கடக்கும். அப்படி விலகாவிட்டால் சுத்தி கம்பியோடு ஒட்டி நின்று, ஒலியை அதுவே அமுக்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, முட்டு விலகிய பிறகு கீயை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எதுவும் மாறாது. அடித்தளத்தில் விரலை ஊன்றி நிற்பது வீண் வேலை, அடுத்த ஏற்றத்துக்குத் தடையும்கூட. இரண்டு, அதே ஸ்வரம் மறுபடி ஒலிக்க வேண்டுமானால் முட்டு திரும்பவும் சுத்திக்கு அடியில் வந்து உட்கார வேண்டும். அதற்குக் கீ போதுமான உயரம் ஏற வேண்டும். ஏறாமலே அழுத்தினால் கீ இறங்கும், ஆனால் சுத்தி அசையாது. ட்ரில்லின் நடுவே காணாமல் போகும் ஸ்வரம் இதுதான். அழுத்தம் போதாததால் அது போகவில்லை, விரல் முழுசாக விடாததால் போனது.

கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் கீ ஏறக்குறைய மேல்வரை வந்தாக வேண்டும். கிராண்டில் பாதி வழி ஏறினாலே போதும், காரணம் 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை விடுபடு அமைப்பு. ஒரு ஸ்பிரிங் சுத்தியைக் கொஞ்சம் உயரத்திலேயே தாங்கி வைத்திருக்கும், முட்டு சீக்கிரம் அடியில் நுழைந்துவிடும். நம் வீடுகளில் பலரும் முதலில் பழகுவது கீபோர்டில். அதில் சுத்தியும் இல்லை, முட்டும் இல்லை. அதில் சுத்தமாக வந்த ட்ரில் நிஜப் பியானோவில் உதிர்ந்து போனால் பதற வேண்டாம், கருவியே வேறு.

கலங்கலுக்குக் காரணம் டேம்பர். கீ மேலே வரும்போதுதான் இந்தக் கம்பளி மெத்து கம்பியின் மீது இறங்கி ஒலியை நிறுத்துகிறது. விரல் தாமதித்தால் பழைய ஸ்வரம் புதியதோடு சேர்ந்து ஒலிக்கும். பியானோவின் உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஆக்டேவுக்கு டேம்பரே கிடையாது. அங்கே வாசிக்கும் ட்ரில் எப்படியும் கலந்து மின்னும், அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

சரி, விரல் ஏன் சட்டென்று விடமாட்டேன் என்கிறது? உள்ளங்கையை மேஜைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். அசையாது. விரல்களை நிமிர்த்தும் முக்கியத் தசை முன்கையில் இருக்கிறது. அதன் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் சொந்தமாக இன்னொரு தசை உண்டு, மோதிர விரலுக்கு இல்லை. எனவே 3-4 விரல் (கட்டைவிரலை 1 என்று எண்ணினால் நடுவிரலும் மோதிர விரலும்) ட்ரில் தடுமாறுவது உடலமைப்பு, அதற்காகச் சோம்பேறி என்று யாரையும் திட்டக்கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம், தசை சுருங்குவதைவிடத் தளர அதிக நேரம் எடுக்கும். மடக்கும் தசை தளர்வதற்குள் நிமிர்த்தும் தசை இழுக்கத் தொடங்கினால் இரண்டும் எதிரெதிரே மல்லுக்கட்டும். முன்கை இறுகுவது இதனால்தான். உயரத் தூக்கி அடிக்கச் சொல்வது இந்த மல்லுக்கட்டை இன்னும் வளர்க்கும். விரல் கீயை விட்டுப் பிரியாமல், கீ தானாக எழும்பும்போது கூடவே எழுந்தால் போதும்.

பாரத்தைக் குறைக்க இன்னொரு வழி முன்கைச் சுழற்சி. பூட்டில் சாவியைத் திருப்பும் அசைவுதான், ஆனால் மிகச் சிறியதாக. 1-3 விரல்களில் இது அருமையாக வேலை செய்யும், நடுவே இடைவெளி இருப்பதால். நீண்ட ட்ரில்லுக்கு 1-3-2-3 என்று வாசித்தால் கீழ் ஸ்வரத்தைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும். வேகம் கூடக் கூடச் சுழற்சி சுருங்கி, விரலின் பங்கு கூடும்.

அப்புறம் மூளை. 83 மில்லி நொடியில் ஒரு ஸ்வரத்தைக் கேட்டு அதன் தவறைத் திருத்த முடியாது. கை மாறுவதற்குள் அடுத்த ஒன்றிரண்டு ஸ்வரம் போய்விட்டிருக்கும். அதனால் மூளை தனித்தனியாக ஆணையிடாமல் ஒரு கொத்தாக அனுப்புகிறது. மெட்ரோனோமை 60, 62, 64 என்று ஏற்றிக்கொண்டே போவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம். மெதுவான ட்ரில்லின் அசைவு வேறு, வேகமானதன் அசைவு வேறு. எனக்குப் பலன் தந்தது, முழு வேகத்தில் மூன்றே மூன்று ஸ்வரம் வாசித்து நிறுத்துவது. தோள், மணிக்கட்டு, விரல் மூன்றும் தளர்ந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி மூன்று. அது சுத்தமானதும் ஐந்து, பிறகு ஒன்பது. கை இறுகியதும் நிறுத்திவிட வேண்டும், அதன்மேல் வாசித்தால் இறுக்கத்தைத்தான் பழகுவோம்.

பீத்தோவனின் வால்ட்ஸ்டைன் சொனாட்டாவில் கடைசிப் பகுதியில் ஒரே கை ட்ரில்லையும் வாசித்து, அதற்கு மேலே மெட்டையும் வாசிக்க வேண்டும். அது முடியாதவர்களுக்காக ஓர் எளிய வழியையும் அவரே கைப்பிரதியில் குறித்து வைத்தார். அவர் காலத்து வியன்னா பியானோக்களின் கீ இன்றையதைவிட லேசு, ஆழமும் குறைவு என்பதையும் சேர்த்து யோசித்தால், நம் கை திணறுவதில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு அதைவிடவும் கடினமாகத் தோன்றுவது 1828இல் ஷூபர்ட் எழுதிய கடைசி சொனாட்டாவின் தொடக்கத்தில் வரும் ட்ரில். இடது கை, அடி ஸ்தாயி, மிக மெல்லிய ஒலி. அங்கே சுத்திகள் கனமானவை, கம்பிகள் தடித்தவை, கேட்பவருக்கோ தூரத்து இடி மாதிரி ஒரு முணுமுணுப்பு மட்டும் எட்ட வேண்டும். கிராண்டில் அதை வாசிக்கும்போது கீயை முழுசாக மேலே வரவிடாமல், கீழ்ப்பாதியிலேயே வைத்து வாசித்துப் பாருங்கள்.