சானிடேஷன் என்றால் சுகாதாரமா?

எங்கள் ஊர் மகளிர் சுகாதார வளாகத்தின் பலகையைப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்திருந்த என் அத்தை பிரஷர் மாத்திரை வாங்கச் சீட்டோடு போய்விட்டார். உள்ளே இருந்தது கழிப்பறை. அத்தை மேல் என்ன தப்பு? மாத்திரை தருவது ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் இதையும் அப்படித்தானே நினைப்பார்?

'சானிடேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிச் சுகாதாரம் என்று தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். அது லத்தீன் வழி வந்தது. 'சானுஸ்' என்றால் நோயற்ற. சுகாதாரம் என்பது சுகம், ஆதாரம் சேர்ந்த வடசொல். வேரைப் பார்த்தால் பொருத்தம்தான். ஆனால் குடிநீர்த் திட்டக்காரர்கள் இன்று சானிடேஷன் என்பது, மலமும் கழிவுநீரும் ஆளையும் கிணற்றையும் கெடுக்காமல் அப்புறப்படுத்தும் ஏற்பாட்டை: பீங்கான், உறிஞ்சுகுழி, அது நிரம்பினால் மாற்றிவிட இன்னொரு குழி, சாக்கடை.

சுகாதாரத்தை 'ஹெல்த்'துக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. 2005-இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஊருக்கொரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவின் ஆங்கிலப் பெயரில் ஹெல்த்தும் சானிடேஷனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'சுகாதாரம் மற்றும் சுகாதாரக் குழு' என்றா எழுதுவது? (அந்த 'மற்றும்' இல்லாமல் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பேனா நகராது, அது வேறு வயிற்றெரிச்சல்.) வடசொல் என்பதால் நான் சண்டைக்கு வரவில்லை. ஒரே பலகை ஊசியையும் கழிப்பறையையும் காட்டினால் யாருக்கு விளங்கும்?

துப்புரவு இருக்கிறதே! நகராட்சியில் துப்புரவு ஆய்வாளர் என்ற பதவியே உண்டு. அது குப்பை கூட்டுவதை மட்டும் குறிக்கும், கௌரவமில்லை என்கிறார்கள். 2014-இல் தூய்மை இந்தியா வந்தது. 2020-இல் துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். அந்தப் பெயர் அவர்களுக்கு மரியாதை என்றால் சரி, இருக்கட்டும். ஆனால் தூய்மை ஒரு குணம். மனசும் தூய்மை, நெய்யும் தூய்மை; குழி வெட்டுவதும் சாக்கடை இழுப்பதும் அதற்குள் எப்படி அடங்கும்? துப்புரவு ஒன்றும் இழிந்த சொல்லும் அல்ல. 'துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி' என்ற குறளில் (263) அது உணவு முதலான துய்க்கும் பொருள். பிறகுதான் சுத்தம் என்ற பொருளில் நிலைத்தது. மலக்குழிக்கும் சாக்கடைக்கும் அதை இன்னும் கொஞ்சம் விரித்தால் குறைந்தா போகும்?

போன மாதம் ஒரு கூட்டத்தில் தந்த தாளில் 'சமூக அடிப்படையிலான கிராமப்புற நீர் வழங்கல் மற்றும் சுகாதார மேம்பாடு' என்று இருந்தது. ஊரார் நடத்தும் குடிநீர், துப்புரவுத் திட்டம் என்றால் தீர்ந்தது. 'சமூக அடிப்படை' என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "எந்தச் சமூகத்துக்கு?"