சவானா: புல்வெளி என்றால் பாதி, காடு என்றால் மீதி

சவானா என்றதும் பள்ளிப் பாடநூலின் படம்தான் நமக்கு நினைவுக்கு வரும். குடை விரித்தாற்போல ஒற்றை வேலமரம், அதன் நிழலில் ஒரு சிங்கம். கீழே ‘வெப்பமண்டலப் புல்வெளி’ என்று எழுதியிருக்கும். புல்வெளி என்றால் அந்த மரத்துக்கு அங்கே என்ன வேலை?

சொல் ஆப்பிரிக்காவில் பிறந்ததும் அல்ல. கரீபியத் தீவுகளின் பழங்குடிகளான தைனோ மக்கள் மரமில்லாத சமவெளியைக் குறிக்க வைத்திருந்த சொல் இது. ‘ஹரிக்கேன்’, ‘பார்பிக்யூ’ போன்றவற்றோடு இதையும் ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. ஸ்பானிய மொழியில் படுக்கை விரிப்புக்கும் ஏறக்குறைய இதே எழுத்துகள்தாம். அழுத்தம் விழும் இடம் மட்டும் வேறு. விரிப்புப்போலத் தட்டையாகக் கிடப்பதால் வந்த பெயர் என்று கதை கட்டுவார்கள். நம்ப வேண்டாம்.

பிறகு பொருள் மெல்ல நகர்ந்தது. இன்று சூழலியலில் சவானா என்றால், தரையில் புல் தொடர்ந்து பரவியிருக்க, மேலே மரங்கள் ஒன்றோடொன்று தலைகோத்து மூடிவிடாமல் விலகி நிற்கும் நிலம். மரமே இல்லாததற்கு வைத்த பெயர் மரமுள்ள நிலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிரேசிலில் இதே வகை நிலத்துக்குச் ‘செராடோ’ என்று பெயர். போர்த்துகீசியத்தில் அதற்கு ‘மூடியது, அடர்ந்தது’ என்று பொருள். ஒருவர் வெட்டவெளி என்கிறார், இன்னொருவர் புதர்க்காடு என்கிறார். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த நிலம் இருக்கிறது.

நடுவில் நிற்பதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை, நெருப்பும் மேய்ச்சலும்கூட. கோடையில் காய்ந்த புல் எரியும்போது இளங்கன்றுகள் கருகுகின்றன. தடித்த பட்டையுள்ளவையும் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்ப்பவையும் தப்புகின்றன. செராடோவில் நம் முந்திரிக்கு ஒரு தங்கை உண்டு. உடம்பில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்குத்தான் வெளியே தலைகாட்டும். இப்படி மண்ணுக்கடியில் காடு வளர்க்கும் செடிகள் ஆப்பிரிக்காவிலும் ஏராளம். செராடோவில் மட்டும் சுமார் 12,000 தாவர இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பான்மை மரங்கள் அல்ல. புல்லும் பூண்டும் குறுஞ்செடியுமே.

மனிதர் நிலத்தைப் பயன்படுத்தும் விதம் இங்கேதான் குறுக்கிடுகிறது. செராடோவில் ஏறக்குறைய பாதி, சோயா வயலாகவும் ஆப்பிரிக்கப் புல் விதைத்த மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. உழவுதான் மிகக் கொடியது. நெருப்புக்குத் தப்பிய கிழங்கு கொழுவுக்குத் தப்பாது. ஆனால் உழாமல், எரிக்காமல் ‘பாதுகாத்தாலும்’ இழப்பு உண்டு என்பதுதான் பலருக்கும் உறைக்காத செய்தி. சாவோ பாவுலோ மாநிலத்தில் தீயைத் தடுத்து வைத்திருந்த ஒரு சவானாவைச் சுமார் முப்பது ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காடு முழுக்க மூடிக்கொண்ட இடங்களில் கரிமச் சேமிப்பு கூடியிருந்தது. தாவர இனங்களோ 27 விழுக்காடு குறைந்திருந்தன. வெயில் கேட்கும் செடிகளை நிழல் கொன்றுவிட்டது.

எதிர்ப்பக்கக் கதை மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், கிசிதுகு பகுதியில் இருக்கிறது. அங்கே சவானாவின் நடுவே ஒவ்வோர் ஊரையும் சுற்றித் தீவுபோல அடர்காடு நிற்கும். பெருங்காட்டை மக்கள் அழித்ததில் மிஞ்சிய துண்டுகள் என்றே பிரெஞ்சு அதிகாரிகள் காலங்காலமாக எழுதிவந்தார்கள். ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1950களின் வான்படங்களையும் பிற்காலப் படங்களையும் ஒப்பிட்டு, ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு, 1996இல் அதைத் தலைகீழாக்கினார்கள். ஊர் வந்த பிறகே காடு வந்தது! மாடு மேய்ந்ததாலும் கூரைக்குப் புல் அறுத்ததாலும் ஊரைச் சுற்றித் தீக்கு இரை இல்லாமல் போனது. குப்பையும் சாணமும் மண்ணைக் கொழுக்க வைத்தன. அரணுக்காக இலவ மரம் நட்டார்கள். குற்றவாளிகள் என்று எழுதப்பட்டவர்கள்தாம் காட்டை வளர்த்தவர்கள்.

தீயை நிறுத்தியதால் நிலம் மாறிய கதை நமக்குப் பக்கத்திலும் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடிகள் ஆண்டின் தொடக்கத்தில் சிறு தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’, அதாவது சருகு நெருப்பு. 1974இல் சரணாலயம் வந்ததும் அது நின்றது. உண்ணிச்செடி புகுந்து தரையை மூடியதற்கு அதுவே காரணம் என்கிறார்கள் சோளகர்கள். ஆய்வாளர்கள் சிலரும் அதை ஆமோதிக்கிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘புல்வெளி’ என்றால் மரம் விடுபடுகிறது. ‘புதர்க்காடு’, ‘சீரழிந்த காடு’ என்றால் புல் விடுபடுவதோடு, மரம் நட்டுச் சரிசெய்ய வேண்டிய நோயாளியாகவும் அந்த நிலம் ஆகிவிடுகிறது. ‘தரிசு’ என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சங்கப் பாடல்களின் ‘முல்லை’ நெருங்கி வருகிறது. காடும் காடு சார்ந்த இடமும் என்று படித்ததால் அடர்வனம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அகநானூற்றின் 4ஆம் பாடலைப் பாருங்கள். கொன்றை பூக்கிறது, இரும்பை முறுக்கியது போன்ற கொம்புடைய இரலை மான் துள்ளுகிறது. அது வெளிமான்தான் என்றால், அடர்காட்டில் அதற்கு வேலை இல்லை; புல்லும் திறந்த வெளியும் வேண்டும். வரகும் ஆநிரையும் சேர்ந்தால் சவானாவின் முகம் நன்றாகவே தெரிகிறது. என்றாலும் முல்லை ஒரு திணை. காத்திருத்தலும் அதற்குள் இருக்கிறது. கென்யாவின் சமவெளியை முல்லை என்றால் கொஞ்சம் நெருடும்.

பொதுச்சொல்லாக ‘மரப்புல்வெளி’ என்பதையே நான் எடுப்பேன். கவிதை இல்லை, ஆனால் இரண்டையும் சொல்கிறது. கொங்குநாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் அதுவும் வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், ஆங்காங்கே வெள்வேலும் நிற்க, உதிர்ந்த நெற்றை மாடு பொறுக்கித் தின்னும் நிலத்துக்கு அங்குள்ளவர்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள்: கொறங்காடு.