அந்தப் பாத்திரம் எங்கே இருந்தது?

கொதிக்கும் ரசம் கொட்டிக்கொண்ட குழந்தையையோ, பினாயில் குடித்துவிட்ட குழந்தையையோ தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாயிடம் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றுதான். மாமியார் கேட்பார், கணவர் கேட்பார், சில வேளைகளில் பக்கத்துப் படுக்கைக்காரர்கூடக் கேட்பார். சென்னையில் குழந்தை மருத்துவராக வேலை பார்க்கும் நான் கேட்பது வேறு: "அந்தப் பாத்திரம் எங்கே இருந்தது?"

500 சதுர அடி வீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் எப்போதும் பெரியவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். சமையலறையிலிருந்து ஹாலுக்கு நான்கு எட்டு. அப்படியிருந்தும் குழந்தைக்குச் சூடு படுகிறது, குழந்தை எதையாவது விழுங்கிவிடுகிறது. பெரிய வீட்டில் தனி அறையிலும் பரணிலும் கொல்லையிலும் கிடக்க வேண்டியவை எல்லாம் சிறிய வீட்டில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிவிடுகின்றன. பொருளுக்கு வேறு இடம் தேடாமல், "இன்னும் கவனமாக இரு" என்று தாயிடம் சொல்லி அனுப்புவது மருத்துவ ஆலோசனையே ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஹாலில் தொடங்குகிறேன். சாப்பாட்டு மேசை போட இடமில்லாத வீட்டில் சோறும் குழம்பும் தரைக்கு வருகின்றன. அதே தரையில்தான் ஒரு வயதுக் குழந்தை தவழ்கிறது. குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவருக்குச் சுளீரென்று பட்டு ஆறிவிடும் சூடு குழந்தைக்கு ஆழமான புண்ணாகிவிடும். பாத்திரங்களைச் சமையல் மேடையிலேயே வைத்துத் தட்டில் போட்டு எடுத்து வாருங்கள். மேடை விளிம்பில் தொங்கும் கெட்டில் வயரையும் ரைஸ் குக்கர் வயரையும் சுவர்ப் பக்கம் சுருட்டி வையுங்கள். நிற்கப் பழகும் குழந்தை கைக்குக் கிடைத்ததைப் பிடித்துத்தான் எழும்.

வேலை ஓயாத தாய்மார்கள் குழந்தையை வாக்கரில் உட்கார வைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வாக்கர் குழந்தையை உயர்த்தி, வேகமாக உருட்டிக்கொண்டு போய் அடுப்பு மேடையருகில் நிறுத்திவிடும். கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நடை பழகவும் அது உதவாது. யாராவது பரிசாகத் தந்தால் வாங்கி வைக்காதீர்கள்.

சூடு பட்டுவிட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். பற்பசை பூசிய புண்ணைச் சுத்தம் செய்யும்போது அந்தக் குழந்தை படும் வேதனையைச் சொல்லி முடியாது.

அடுத்தது குளியலறை. மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்துக்குப் பிடித்து வைத்தால்தான் அன்றைய பாடு கழியும் என்ற நிலையில், "வாளியைக் காலியாக வையுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சிறு குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. வாளியின் அடியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும், சத்தமில்லாமல் மூழ்கிவிடும். ஆகவே இறுக மூடும் டிரம்மில் பிடித்து வையுங்கள். குளியலறைக் கதவின் வெளிப்பக்கத்தில், பெரியவர் கை மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது? தெருவில் வண்டியில் வரும் பினாயிலும் ஆசிட்டும் பழைய குளிர்பான பாட்டிலில்தான் ஊற்றித் தரப்படுகின்றன. குழந்தைக்கு அந்த பாட்டில் தெரியும், அதில் இனிப்பு இருக்கும் என்பதும் தெரியும். இந்தப் பழக்கத்தை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கிய ஆசிட் மேலே வரும்போது மறுபடியும் சுடும்.

பூஜை அறை இல்லாத வீட்டில் சாமி படங்கள் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். அங்கே இருக்கும் சூடத்தைப் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பார்ப்பதற்குக் கற்கண்டு போல இருக்கும் அதை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்து. சளிக்கு என்று பச்சைக் குழந்தையின் நெஞ்சில் சூடத்தைத் தேய்ப்பதும் கூடாது. தாத்தா பாட்டியின் மாத்திரைகளும் அப்படித்தான். அவர்களுக்குத் தனி அறை கிடையாது, மாத்திரைப் பை தலையணைக்கு அடியில் கிடக்கும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் குழந்தையின் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். அது பல மணி நேரம் கழித்தும் இறங்கும் என்பதால், "நன்றாக விளையாடுகிறானே" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கொசுவர்த்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. நான்கு பேர் கதவடைத்துப் படுக்கும் ஒரே அறையில் அதை ஏற்றாதீர்கள். கொசுவலை கட்டுங்கள்.

என்னை மிகவும் அச்சுறுத்துவது பால்கனிதான். கைப்பிடிச் சுவர் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்த ஒரு மீட்டர், தரை காலியாக இருந்தால்தான் ஒரு மீட்டர். செருப்பு அலமாரி, காலி சிலிண்டர், பெயின்ட் வாளி, வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாக அங்கே சேர்கின்றன. அரை மீட்டர் உயரப் பெட்டி ஒன்றைச் சுவரோடு ஒட்டி வைத்தாலே இரண்டு வயதுக் குழந்தைக்குப் படிக்கட்டு கிடைத்துவிடும். ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஜன்னலில் ஒட்டியிருக்கும் கொசுவலை குழந்தையின் பாரத்தைத் தாங்காது.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 1970களில் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுவதைக் கணக்கெடுத்து, வீடு வீடாகச் சென்று விளக்கி, ஜன்னல் தடுப்புகளை இலவசமாகவும் கொடுத்தது. பிராங்க்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையே அப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. 1976இல், 10 வயது வரையுள்ள குழந்தை இருக்கும் குடியிருப்புக்கு வீட்டு உரிமையாளரே தடுப்பு பொருத்தித் தர வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அந்த நகரம் தாய்மார்களைத் திட்டவில்லை, ஜன்னலைச் சரிசெய்தது. நம் ஊரிலோ, வாடகைக்கு இருப்பவர் தன் செலவில் கம்பி போட்டுக்கொள்கிறேன் என்றாலும், சுவரில் துளை போடக் கூடாது என்கிறார் உரிமையாளர். முகப்பின் அழகு கெடும் என்கிறது குடியிருப்போர் சங்கம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முகப்பு மாறாமல் இருக்க மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன தடுப்புகள் இப்போது கிடைக்கின்றன. எதைப் போட்டாலும் இடைவெளி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியேற, பெரியவர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு பகுதியும் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால் 108ஐ அழையுங்கள். குழந்தை விழுங்கியதன் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ, லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கையோடு எடுத்து வாருங்கள். எப்போது நடந்தது, எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதைப் பழிக்குப் பயந்து குறைத்துச் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் முன்பு என்று நீங்கள் சொல்வதற்கும் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்ற உண்மைக்கும் நாங்கள் கொடுக்கும் சிகிச்சையே மாறும்.