ரேஷன் அட்டையில் ஐந்து பேர், அடுப்படியில் ஒருவர்

முதியோர் பற்றிய சர்வேக்காகக் கிராமங்களுக்குப் போகும்போது "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால், பல வீடுகளில் ரேஷன் அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "அஞ்சு பேருங்க, அட்டையிலேயே இருக்கு பாருங்க." சரி என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டால் வேலை சுலபம். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால்தான் கதை தெரியும். கணவர் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும், பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. பெரியவன் சிங்கப்பூரில். சின்னவன் மனைவியோடு சென்னையில். காலையில் வடித்த சோற்றை ராத்திரிக்கும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இருப்பது அந்த அம்மா மட்டும்தான்.

அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் எங்கே இருந்தாலும் குடும்பம் குடும்பம்தான் என்பது அவர் கணக்கு. ஆனால் மக்கள்தொகை ஆய்வில் இந்த ஒரு பதில் செய்யும் சேதம் பெரிது. தனியாக வாழும் முதிய பெண் ஒருவர், பிள்ளைகளோடு வாழும் முதியவர் என்ற பத்திக்கு மாறிவிடுகிறார். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. தெருவுக்குத் தெரு உண்டு.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் வரப்போகிற சென்சஸ். கடைசியாக எண்ணியது 2011-ல். 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள், அதாவது எந்த நாள் நிலவரப்படி கணக்கோ அந்த நாள், 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் வீடுகளைப் பட்டியலிடுவது, 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது என்று இரண்டு கட்டமாக நடக்கும். பதினாறு வருட இடைவெளி. இந்தப் பதினாறு வருடத்தில் தமிழ்நாடு எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

2011-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-ல் 13.6, 2031-ல் 18.2 என்று சொல்லப்படுவதெல்லாம் மத்திய அரசின் வல்லுநர் குழு போட்ட மதிப்பீடு. நல்ல மதிப்பீடுதான், நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனாலும் அது 2011-ஐ வைத்து முன்னோக்கி நகர்த்திய கணக்கு. எந்த ஊரில் எத்தனை முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. மாதிரிக் கணக்கெடுப்புகளும் சொல்லாது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்கள் துணைவர்களுமாக 72 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை 2017-18-ல் சந்தித்த 'லாசி' ஆய்வு, முதுமை பற்றி நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய ஆய்வு. அதிலிருந்துகூட மாநில அளவுக்குத்தான் பேச முடியும். கிராமம், வார்டு வரை இறங்கி வருவது சென்சஸ் மட்டும்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியருக்கு உங்கள் ஊரில் எவ்வளவு வேலை இருக்கும் என்று திட்டம் போட வேண்டுமானால், அந்த எண்தான் அடிப்படை.

ஆகவே விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள். ரேஷன் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. கடந்த முறை ஆட்களை எண்ணிய காலம் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர், அந்த நாட்களில் கொஞ்சமாவது அங்கே இருந்தால் அங்கே எண்ணப்படுவார். முழுக்காலமும் வெளியே இருந்தவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. சென்னையில் இருக்கும் மகனைச் சென்னையில் எண்ணிக்கொள்வார்கள். ஊரிலும் அம்மா அவன் பெயரைச் சொல்லிவிட்டால் ஒருவன் இருவராகிறான், அம்மாவின் தனிமை காகிதத்தில் காணாமல் போகிறது.

சிங்கப்பூர் மகனைச் சென்சஸ் எங்குமே எண்ணாது. அதனால்தான் வெளிநாட்டுக்குப் போனவர்களைத் தெரிந்துகொள்ளத் தனி ஆய்வு தேவைப்படுகிறது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்த இருதய ராஜன் குழுவினர் 2015-ல் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்த 22 லட்சத்தில் எத்தனை பேரின் அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஊரில் இருக்கும் வீடுகள்தான்.

தலைகீழாகவும் நடக்கும். மகன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை, மருமகள் கொடுக்கும் சாப்பாடு, ஆனால் பெரியவர் பெயரில் தனி ரேஷன் அட்டை. முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை எல்லாம் அட்டையைப் பார்த்தே தீர்மானமாகும்போது மக்கள் அட்டையைப் பிரிக்கத்தான் செய்வார்கள். மாதம் 1,200 ரூபாய் என்பது அந்த வயதில் சின்னத் தொகை இல்லை. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கெடுப்பாளரிடமும் "தனியாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் யாரும் உதவித்தொகையைக் கூட்டித் தரப்போவதில்லை. "மகனோடதான் சாப்பிடுறேன்" என்று சொன்னால் யாரும் நிறுத்தவும் முடியாது. 1948-ம் வருடத்துச் சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு, நீங்கள் சொன்னதைப் பிறர் பார்ப்பதற்கும் நீதிமன்றத்தில் சாட்சியமாக்குவதற்கும் தடை போட்டிருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவித்தொகைக் கோப்பு வேறு, இது வேறு.

இன்னும் சிக்கலானது முறை வைத்துச் சாப்பிடும் தாய்மார்கள். மூன்று மகன்கள், மாதத்துக்கு ஒரு வீடு. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது மூன்று வீட்டிலும் "அம்மா அண்ணன் வீட்டுல", "அம்மா தம்பி வீட்டுல" என்று சொல்லி ஒருவரும் எழுதவிடாமல் போவதும் உண்டு. மூவருமே எழுதிவிடுவதும் உண்டு. ஆள் வந்து கேட்கும் சமயத்தில் எந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடோ அந்த வீட்டில் சொல்லுங்கள். நடுவில் வீடு மாறினால், அடுத்த வீட்டுக்கு ஆள் வரும்போது ஏற்கெனவே எழுதியாயிற்று என்று அந்த அம்மாவே சொல்லட்டும். அவரையும் கூடத்துக்கு அழைத்து உட்கார வையுங்கள். பெரியவர்களைப் பற்றிய தகவலை அவர்கள் முன்னிலையிலேயே மற்றவர்கள் சொல்லும் பழக்கம் நம்மிடம் அதிகம். பாட்டி வாய் திறக்கும் முன் பேரன் பதில் சொல்லி முடித்திருப்பான்.

அடுத்தது வயது. எங்கள் தொழிலில் இது தனி அத்தியாயம்.

நம் நாட்டில் வயதுவாரியாக எத்தனை பேர் என்று வரைந்து பார்த்தால் படம் பல் விழுந்த சீப்பு மாதிரி இருக்கும். 60, 65, 70 எல்லாம் நீண்டு நிற்கும். 59, 61, 64 எல்லாம் குட்டையாக இருக்கும். வயது தெரியாதவர்கள் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும் எண்ணாகச் சொல்வதால் வரும் விளைவு இது. கடைசி இலக்கம் பூஜ்யத்திலும் ஐந்திலும் எவ்வளவு குவிகிறது என்று அளப்பதற்கென்றே சூத்திரம் வைத்திருக்கிறோம். இன்னொன்று, வயது ஏற ஏறக் கூட்டிச் சொல்வது. 2011 சென்சஸில் இந்தியாவில் நூறு வயதைத் தொட்டவர்கள் 6 லட்சம் பேர் என்று வந்தது. அதே வருடம் ஜப்பானில் நூறைத் தாண்டியவர்கள் 50 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. பிறப்புப் பதிவு ஒழுங்காக இருக்கும் நாடு அது. நம்முடைய 6 லட்சத்தை எந்த மக்கள்தொகை ஆய்வாளரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

பிறந்த தேதி தெரியாதவரிடம் "உங்க வயசு என்ன?" என்று கேட்டால் பயனில்லை. நாங்கள் சம்பவங்களைப் பிடித்துக்கொண்டு போவோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி புயல் அடித்தபோது வயசுக்கு வந்துவிட்டீர்களா? 1969-ல் அண்ணா இறந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா? 1987-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது பெரிய பிள்ளை என்ன படித்துக்கொண்டிருந்தது? இந்த மூன்று கேள்வியில் பெரும்பாலும் இரண்டு மூன்று வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். "அண்ணா செத்த வருஷம்தான் மூத்தவன் பொறந்தான்" என்று ஒரு பாட்டி சொன்னால், பதினேழு பதினெட்டில் கல்யாணம், அடுத்த வருடம் பிள்ளை என்று வைத்து, 1950 வாக்கில் பிறந்தவர் என்று கணக்குப் போடலாம். ஆதாரை வாங்கிப் பார்த்தால் 01-01-1963 என்றிருக்கும். அதன்படி பார்த்தால் ஆறு வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும்.

ஆதார் முகாம்களில் தேதி தெரியாதவர்களுக்கு உத்தேசமாக ஒரு வருடம் போட்டதன் மிச்சம் இது. ஜனவரி முதல் தேதியில் பிறந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இத்தனை பேர் இருப்பதற்கும் அதுதான் காரணம். படிக்கச் சிரிப்பாக இருந்தாலும், அந்தப் பாட்டிக்கு 2011 வாக்கிலேயே கிடைத்திருக்கக்கூடிய முதியோர் உதவித்தொகை 2023 வரை தள்ளிப்போயிருக்கும். 70 வயதைக் கடந்தவர்களுக்கென்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆதாரில் உள்ள வயதுதான் அளவுகோல். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு தடவைதான் திருத்த முடியும் என்பதால், கையில் சரியான சான்று வைத்துக்கொண்டு திருத்தப் போவது நல்லது. ஆதார் பிறந்த தேதிக்கான ஆதாரம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தத் தீர்ப்பு எடுபடுமா என்பது வேறு விஷயம்.

சென்சஸில் இந்தச் சிக்கல் கிடையாது. நீங்கள் சொல்லும் வயதைத்தான் எழுதுவார்கள். ஆதார் வயதை ஒப்பிக்காமல், வீட்டில் மூத்த பிள்ளையின் வயதை வைத்து முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வையுங்கள்.

ஊனம் பற்றிய கேள்விக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். 2011-ல் நாடு முழுக்க 2.21 சதவீதம் பேருக்குத்தான் ஊனம் என்று பதிவானது. காது கேட்காத தாத்தாவையும் கண் மங்கிய பாட்டியையும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் எண் அப்படித்தான் வரும். வேலை விஷயத்திலும் இதே போக்குத்தான். ஆடு மேய்த்துவிட்டு, நூறு நாள் வேலைக்கும் போய்வரும் 68 வயது அம்மாவை "சும்மாதான் இருக்காங்க" என்று மருமகள் சொல்வார். அவர் உழைப்பு இல்லாமல் அந்த வீடு ஓடாது என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியும்.

ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை பவுண்டரிகளுக்கும் சென்னைக் கட்டடங்களுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் இங்கேதான் எண்ணப்பட வேண்டும். நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி குழந்தை 2000 வாக்கிலேயே 2.1-க்கு இறங்கிவிட்டது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இங்கே 1.8, பீகாரில் 3.0. இங்கே இல்லாத இளைஞர்களின் இடத்தை அங்கிருந்து வரும் இளைஞர்கள் நிரப்புகிறார்கள், அவர்கள் ஊர்த் திண்ணைகளிலும் தனியாக ஒரு அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருக்கிறார். வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்கள் "அவங்க வெளியூர் ஆளுங்க, எழுத வேண்டாம்" என்று கணக்கெடுப்பாளரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கணக்கெடுப்பாளர் என்று வருபவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியராக இருப்பார், அடையாள அட்டை வைத்திருப்பார். வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் பின் நம்பர், போனுக்கு வந்த ஓடிபி கேட்டால் அவர் கணக்கெடுப்பாளரே இல்லை, கதவைச் சாத்திவிடலாம். சந்தேகம் என்றால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்துக் கேட்கலாம்.

கடைசியாக வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு. இந்த முறை இணையத்தில் நீங்களே விவரங்களைப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. அம்மாவுக்குப் போனில் தட்டத் தெரியாது, நாமே போட்டுவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் திறப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஊர் வீட்டுக்கான படிவத்தில் உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். மனம் ஒப்பாது, தெரியும். நீங்கள் இருக்கும் நகரத்தில் உங்களுக்குத் தனிப் படிவம் உண்டு. பதிவு முடிந்ததும் கிடைக்கும் அடையாள எண்ணை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள், ஆசிரியர் வந்து கேட்பது அந்த எண்ணைத்தான்.