அந்தத் தாளெல்லாம் இப்போது யாரிடம்?

கனடாவின் வட ஒன்ராறியோவில் ஒரு பூர்வகுடிச் சமூகத்துக்கு அரசு நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தங்கள் பிள்ளைகள் நீதிமன்றத்தில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று அவர்களே ஆராயும் திட்டம். அங்கே மூத்தவர்களிடம் ஒன்று கேட்கப் போனால், முதலில் புகையிலை கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதுதான் முறை. செலவுப் பட்டியலில் அதையும் சேர்த்திருந்தேன். நிதி தரும் அலுவலகத்தில் அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது ஒரு முதிய அம்மா கேட்டது: "போன தடவையும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அந்தத் தாளெல்லாம் இப்போது யாரிடம் இருக்கிறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2005-இல் கனடாவின் பூர்வகுடிப் பெண்கள் சங்கத்துக்கு மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது. 'சிஸ்டர்ஸ் இன் ஸ்பிரிட்' என்ற திட்டம். குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, காணாமல்போன, கொல்லப்பட்ட பெண்களின் விவரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2010 மார்ச்சில் அந்தப் பட்டியலில் 582 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டே நிதி நின்றது. அடுத்து அரசு அறிவித்த ஒரு கோடி டாலரில் ஒரு பங்கு காவல்துறையின் காணாமல்போனோர் மையத்துக்குப் போனது. 2014-இல் காவல்துறை தானே எண்ணிச் சொன்ன கணக்கு 1,181. சங்கம் தொடர்ந்து எண்ணியிருந்தால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டச் சீர்திருத்தத்தை ஆராயும் கனடாச் சட்ட ஆணையத்துக்கும் 2006-இல் நிதி நின்றது. அது மறுபடி இயங்க 2023 ஆனது. இந்தக் காலமெல்லாம் மத்திய சிறைகளில் பூர்வகுடிகளின் பங்கு கூடிக்கொண்டேதான் போனது. மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடாக இருக்கும் பூர்வகுடிகள், 2020 தொடக்கத்தில் மத்திய சிறைக் கைதிகளில் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தார்கள்.

அப்புறம், காலக்கெடு. அரசின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒப்புதல் வந்து காசோலை கைக்கு வருவதற்குள் இலையுதிர்காலம் ஆகிவிடும். ஏரியும் ஆறும் உறைந்து பனிச்சாலை ஆனால்தான் வண்டி போகும் ஊர்களில், நடுக்குளிரில் நாலு மாதத்துக்குள் மக்கள் மனம் திறந்து பேசிவிட வேண்டுமாம்! முடியவே முடியாது. ஓர் ஆண்டுக்கான நிதி என்றால் நான் இப்போது முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர். ஒப்பந்தம் கைக்கு வந்தால் தொகையைப் பார்க்கும் முன் தரவு யாருக்குச் சொந்தம் என்ற பத்தியைப் பாருங்கள். தரவின் உரிமை, கட்டுப்பாடு, அதை எடுத்துப் பார்க்கும் வழி, கைவசம் வைத்திருப்பது என நான்கையும் 1998-இல் தொடங்கிப் பூர்வகுடிகள் கொள்கையாக வகுத்துவிட்டார்கள். முதல் மூன்றுக்கும் அதிகாரிகள் தலையாட்டுவார்கள். பேச்சு இழுபடுவது நான்காவதில்தான்.

இரண்டாவது விண்ணப்பத்தில், ஒலிப்பதிவுகள் சமூக அலுவலகத்தின் அலமாரியிலேயே இருக்கும் என்று முதல் பக்கத்தில் எழுதினோம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அந்த அம்மா.