வயிறு ஒட்டிய மாண்டரின் மீன்

சுங்கை சிப்புட்டில் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி அமைத்துப் பராமரிப்பது என் தொழில். போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்து மண்டோர் (கங்காணி) கூப்பிட்டார். "அண்ணே, தொட்டி புதுசு, தண்ணி சுத்தம், தீனியும் வேளைக்குப் போடுறேன். இது மட்டும் வாயே வைக்க மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். மாண்டரின். நீல உடம்பில் ஆரஞ்சு வரிகள், யாரோ உட்கார்ந்து கோலம் போட்ட மாதிரி. ஆனால் செவுளுக்குப் பின்னால் வயிறு உள்ளே குழிந்து, முதுகோரம் எலும்பு தெரிந்தது. நோய் இல்லை, பசி. அதற்குக் காரணம் அவர் பெருமையாகச் சொன்ன அந்த மூன்றுமேதான்.

மாண்டரின் 6, 7 சென்டிமீட்டர்தான் இருக்கும். பவளப்பாறை இடுக்குகளில் கோப்பிபாட் என்ற கடுகைவிடச் சின்ன உயிர்களைப் பொறுக்கித் தின்னும். கொஞ்சம் ஊரும், நிற்கும், உற்றுப் பார்க்கும், கொத்தும், மறுபடி ஊரும். பகல் முழுக்க ஆடு மேய்வது போல இதே வேலை. மேலே மிதக்கும் தீனியைப் பெரும்பாலும் உணவாகவே மதிக்காது. கழுவித் துடைத்த புதுத் தொட்டியில் கோப்பிபாட்டுக்கு எங்கே போகும்?

மெலிவதைப் பார்த்துச் சிலர் மருந்து ஊற்றுவார்கள். அது இன்னும் மோசம். இதற்குச் செதில் கிடையாது, நாற்றமடிக்கும் வழவழப்புதான் கவசம். செம்பு கலந்த மருந்தைத் தாங்காது.

சபாவில் மாபுல் தீவுப் பக்கம் முக்குளிப்பவர்கள் அந்தி சாயும்வரை காத்திருந்து இதைப் பார்ப்பார்கள். ஆணும் பெண்ணும் ஒட்டியபடி பாறைக்கு மேலே எழும்பி, முட்டையிட்டதும் சட்டென்று பிரிந்துவிடும். அப்படி வாழ்வதை வரவேற்பறை அலங்காரத்துக்கு வாங்குவதில் எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டுமா? சரி, கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, தின்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தொட்டியில் வளர்த்த குஞ்சுகள் உறைந்த தீனிக்குப் பழகியிருக்கும், அதைக் கேளுங்கள். வயிறு ஒட்டியிருந்தால் பாவம் பார்த்துக்கூட வாங்காதீர்கள். அது விற்றுப் போனால், கடையில் அதே மாதிரி இன்னொன்று வந்து நிற்கும். உயிர்ப்பாறை (சின்ன உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறைத் துண்டுகள்) நிறைய போட்டு, ஆறு மாதத்துக்கு மேல் ஓடிய பெரிய தொட்டிக்கு மட்டும்தான் நான் சம்மதிப்பேன். இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது, சண்டை போட்டுக்கொள்ளும்.

மண்டோரின் மீன் இப்போது என் வீட்டுப் பழைய தொட்டியில் மேய்கிறது. வயிறு இன்னும் சரியாகவில்லை. ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டு, "எப்பண்ணே கொண்டு போகலாம்?" என்கிறார். அவர் தொட்டியின் பின்கண்ணாடியில் படரும் பாசியை இனிமேல் சுரண்டாதீர்கள், அதில் கோப்பிபாட் பெருகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.